குளிசையை நிறுத்த நினைப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும்



ஷஃபான் பிறந்துவிட்டது. இந்த நாட்களில் நம் ஊர் வீடுகளில் ஒரு கேள்வி எழும்பும். "நோன்பு வருது, இந்தக் குளிசைய விட்டா என்ன?" பிரஷர்காரரும் சீனி வருத்தக்காரரும் இதைச் சத்தமாகக் கேட்பார்கள். பைபோலர் என்று டொக்டர்மார் சொல்லும் இருமுனை மனநோய்க்குக் குளிசை குடிப்பவர்கள் யாரிடமும் கேட்பதில்லை. தாங்களே முடிவெடுத்து, ஒரு நாள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அவர் மூன்று இரவு நித்திரையில்லாமல் நடமாடும்போதுதான் வீட்டுக்கே தெரிய வரும்.

அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பக்கவிளைவு என்பது சாட்டு அல்ல. லித்தியம் குடிக்கும் பிள்ளைக்குக் கை நடுங்கலாம். உயர்தரப் பரீட்சையில் மூன்று மணித்தியாலம் எழுத வேண்டிய கை அது. தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். பாடம் நடக்கும்போது எழும்பிக் கேட்க வெட்கப்படும் பிள்ளை காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடும். ஒலன்ஸபின் பசியைக் கூட்டும். சில மாதத்தில் போன பெருநாள் சட்டை இந்தப் பெருநாளுக்குப் பற்றாது. கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைக்கு, "என்ன இப்படி உடம்பு வச்சிட்டா" என்ற ஒரு சொல் போதும், குளிசையைத் தூக்கி எறிய. குவெற்றியபின் குடித்தவருக்குக் காலையில் தலை தூக்க முடியாது. சுபஹ் தப்பும், வேலைக்குப் பிந்தும், சோம்பேறி என்ற பெயரும் வரும்.

இதையெல்லாம் அனுபவிப்பவர் வாய் திறந்தால் நம் வீடுகளில் கிடைக்கும் பதில் இரண்டுதான். ஒன்று, "பேசாமக் குடி". மற்றது, "இதெல்லாம் இங்கிலீஷ் மருந்து, விட்டுட்டு ஓதிப் பார்ப்போம்". முதலாவது அவரை ஒளித்து நிறுத்த வைக்கிறது. இரண்டாவது நாம் எல்லோரும் பார்த்திருக்க நிறுத்த வைக்கிறது. இரண்டிலும் டொக்டருக்குத் தெரியாமல் போகிறது.

நாம் சொல்ல வருவது இதுதான்: குளிசையை நிறுத்துவது பற்றி அவர் பேசுவதைத் தடுக்காதீர்கள். தனியாக, திடீரென்று நிறுத்துவதைத் தடுங்கள்.

ஏன் திடீரென்று நிறுத்தக் கூடாது? நிறுத்திய முதல் நாட்களில் கெட்டது எதுவும் நடக்காமல் போகலாம். சொல்லப்போனால் நல்லதுதான் நடக்கும். கை நடுக்கம் குறையும், தலை தெளியும், "பார்த்தீங்களா, எனக்கு ஒன்றுமில்லை" என்ற நம்பிக்கை வரும். பொறி அங்கேதான் இருக்கிறது. பக்கவிளைவு முதலில் போகிறது, நோய் பிறகு வருகிறது. லித்தியத்தைச் சட்டென்று விட்டால் நோய் திரும்பும் ஆபத்து, படிப்படியாகக் குறைப்பதை விட அதிகம். அதனால்தான் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல், நிறுத்துவதாக முடிவெடுத்தாலும் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் வரை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்கிறது.

திரும்பி வரும் நோய் எப்படி இருக்கும் என்று கண்டவர்களுக்குத் தெரியும். நித்திரை தேவைப்படாது. பேச்சு நிற்காது. நகை அடகுக்குப் போகும், லீசிங்கில் வாகனம் வரும், இருக்கிற காணியை அரை விலைக்கு விற்கப் பேச்சு நடக்கும். சிலர் இரவிரவாக வணக்கத்தில் நிற்பார்கள், ஊரும் அதைப் பக்தி என்று எண்ணிச் சந்தோஷப்படும். பிறகு அலை இறங்கும்போது வருகிற இருட்டு இன்னும் ஆபத்தானது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அங்கேதான் வருகிறது. அந்த ஆபத்தைக் குறைப்பதாக நன்கு அறியப்பட்ட மருந்துகளில் ஒன்று இதே லித்தியம்.

இனி நோன்பின் விஷயம். லித்தியம் ஒரு வகை உப்பு. நம் சிறுநீரகம் அதைச் சாப்பாட்டு உப்பைப் போலவே கையாளுகிறது. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் உடம்பு வறண்டால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். ரத்தத்தில் அளவு ஏறும். சுகம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையில் அதிக தூரமில்லை. சத்தி, வயிற்றோட்டம், கை பலமாக நடுங்குதல், நாக்குக் குழறுதல், தள்ளாடி நடத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். கண்டால் நோன்பை விட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நோன்புத் தலையிடிக்கு பாமசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனக், இபுபுறோபென் போன்ற நோவுக் குளிசைகளும் லித்தியத்தை ஏற்றும். சில பிரஷர் குளிசைகளும் அப்படியே. பாமசிக்காரரிடம் "லித்தியம் குடிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று நித்திரை. தராவீஹ் முடிந்து கதைத்திருந்து, ஸஹருக்கு எழும்பி, சுபஹுக்குப் பிறகு படுப்பது சாதாரண ஆளுக்குக் களைப்பு மட்டும்தான். இந்த நோய் உள்ளவருக்கு நித்திரை முறிவதே நோயைக் கிளப்பிவிடக் கூடும்.

அப்படியென்றால் இவர்கள் நோன்பு பிடிக்கவே கூடாதா? எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. சிலருக்கு மருந்தின் நேரத்தை இரவுக்கு மாற்றி, ரத்தத்தைப் பார்த்து டொக்டர் அனுமதி கொடுப்பார். சிலருக்குக் கொடுக்க மாட்டார். அதைக் கேட்க வேண்டிய நேரம் இப்போதுதான், தலைப்பிறை கண்ட இரவல்ல. நோயாளிக்குள்ள சலுகை சூரா பகராவின் 184, 185ஆம் வசனங்களில் இருக்கிறது. சிறுநீரக வருத்தக்காரர் அதைப் பயன்படுத்தினால் நாம் ஒன்றும் சொல்வதில்லை. மனதின் நோயும் நோய்தான். நம் ஊர் கதீப்மார் ரமழானுக்கு முந்திய ஜும்ஆவில் இதை ஒரு நிமிடம் சொன்னால் எத்தனையோ வீட்டுக்கு உதவி.

பெண்களுக்குத் தனியாக ஒரு சொல். வல்புரோவேற் குடிக்கும்போது குழந்தை உண்டானால், பத்தில் ஒரு குழந்தையளவில் பிறவிக் குறை ஏற்படும் ஆபத்து உண்டு. மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். கலியாணம் பேசும்போதே, குழந்தைக்கு நினைக்கும் முன்பே, டொக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறுவது பற்றிக் கேட்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று கலியாணத்துக்கு முந்திய மாதம் குளிசையை ஒளிப்பது பிள்ளைக்குச் செய்யும் நன்மை அல்ல.

சரி, என்ன செய்வது? கிளினிக்கில் வரிசை நீளம், டொக்டருக்கு நேரம் கொஞ்சம் என்பது நமக்குத் தெரியும். அதனால் ஒரு கொப்பி வாங்குங்கள். தினமும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணித்தியாலம் நித்திரை, குளிசை எத்தனை மணிக்கு, உடம்பில் என்ன தொல்லை. கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கொப்பியை நீட்டுங்கள். "இந்தத் தொல்லையோடு என்னால் தொடர்ந்து குடிக்க முடியாது, என்ன செய்யலாம்?" என்று நேராகக் கேளுங்கள். அளவைக் குறைக்கலாம், இரவில் குடிக்கச் சொல்லலாம், நடுக்கத்துக்கு வேறு குளிசை சேர்க்கலாம், உடம்பு வைப்பதற்கு மெட்போமின் கொடுக்கலாம், மருந்தையே மாற்றலாம். சீனி, தைரொயிட், சிறுநீரகம் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளையும் தவற விடாதீர்கள். "நிறுத்துவது" என்ற ஒரே கதவுதான் திறந்திருக்கிறது என்று எண்ணுபவருக்கு இத்தனை கதவு இருப்பது தெரிய வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் ஒருவர் நிறுத்தவே விரும்பினால்? உடம்பு அவருடையது, கடைசி முடிவும் அவருடையது. அப்போதும் டொக்டருடன் பேசி, படிப்படியாக, பரீட்சையும் கலியாணமும் நோன்பும் இல்லாத ஒரு காலத்தில் செய்யட்டும். நித்திரை குறைந்தால் சொல்ல நம்பிக்கையான ஒருவரை நியமித்துக்கொள்ளட்டும். நன்றாக இருக்கும்போதே, "நான் இப்படி மாறினால் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க" என்று சொல்லி வைக்கட்டும்.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். அவர் நியாயமாகக் கோபப்படும்போதெல்லாம் "குளிசை குடிச்சியா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி ஒரு மனிதனை நோயாக மட்டும் சுருக்கிவிடுகிறது. அந்த அவமானத்துக்காகவே குளிசையை விட்டவர்கள் உண்டு. ஓதிப் பார்ப்பவர்களிடமும் கேட்கிறோம்: துஆ செய்யுங்கள், ஓதுங்கள், ஆனால் குளிசையை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

அவசரத்துக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தான பேச்சு வந்தால் காத்திராமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாரும் இந்தக் குளிசை குடித்தால், நோன்புக்கு முந்திய கிளினிக் திகதி எது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தரட்டும்.