தனுஷ்கோடி மணலில் வேகக் காருக்கு என்ன வேலை?

கனடா நாட்டில் டொராண்டோ என்று ஒரு பெரிய நகரம். இலங்கைத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் ஊர் அது. குளிர்காலம் வந்துவிட்டால் அங்கே தெருவெல்லாம் பனி மூடிவிடும். அந்தப் பனியிலும் சிலர் தங்கள் வேகக் காரை விடாமல் ஓட்டுகிறார்கள். இரண்டே கதவு. தரையோடு தாழ்ந்த உடல். பெரிய எஞ்சின். அதன் சக்தி முழுவதும் பின் சக்கரங்களுக்குப் போகும். "கூப்பே" என்று அந்தக் காருக்குப் பெயர். பார்க்க அழகுதான். பனியில் ஓடுமா?

ஓடும். ஆனால் அதற்கு அவர்கள் செய்கிற ஏற்பாட்டைக் கேளுங்கள். கோடையில் போட்டிருந்த டயர்களை எல்லாம் கழற்றி விடுவார்கள். குளிரிலும் இறுகாத ரப்பரில் செய்த வேறு டயர்களை நான்கு சக்கரத்துக்கும் மாட்டுவார்கள். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டம். மாட்டாவிட்டால் அபராதம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. காரின் பின்பெட்டியில் மணல் மூட்டையை ஏற்றிக் கொள்வார்கள்! பின் சக்கரத்தின் மேல் பாரம் இருந்தால்தானே அது தரையைப் பிடிக்கும்?

அங்கே மணல் மூட்டை காரைக் காப்பாற்றுகிறது. நம் ராமேசுவரம் தீவிலோ மணல்தான் காரைப் பிடித்து வைத்துக் கொள்கிறது.

நமக்குப் பனி ஏது என்று கேட்பீர்கள். மார்கழியில் தலைக்குத் துண்டு கட்டிக் கொள்கிறோம், அவ்வளவுதான் நம் பனி. ஆனால் கார் சக்கரத்துக்குப் பனியும் உலர்ந்த மணலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் பிடிப்பு இல்லை. இரண்டிலும் சக்கரம் சுற்றும், கார் நகராது.

ஏன் புதைகிறது?

இந்த மாதிரிக் கார்களில் பெரும்பாலும் எஞ்சின் முன்னால் இருக்கிறது. தள்ளுகிற சக்கரமோ பின்னால் இருக்கிறது. பாரம் ஓரிடம், வேலை வேறிடம். பின் சக்கரம் மணலில் வழுக்கியதும் ஓட்டுகிறவருக்குக் கோபம் வருகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. சுற்றச் சுற்ற அது தன் அடியில் உள்ள மணலை வாரிப் பின்னால் எறிகிறது. தனக்குத் தானே குழி தோண்டிக் கொள்கிறது! நாலைந்து விநாடியில் காரின் வயிறு மணலில் உட்கார்ந்து விடும். தாழ்ந்த காருக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

பின் அச்சில் "டிபரென்ஷியல்" என்று ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உட்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவுவது இந்தப் பெட்டிதான். தார் ரோட்டில் இது நல்ல வேலைக்காரன். மணலில் இவனே துரோகி. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுமோ அதைச் சுற்ற விட்டுவிட்டு, பிடிப்புள்ள சக்கரத்தைச் சும்மா நிற்க வைத்து விடுவான்.

முன் சக்கரம் இழுக்கிற கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லையா என்றால், அவையும் புதையத்தான் செய்கின்றன. மூக்கால் புதைகின்றன!

உயரமான ஜீப் மாதிரி வண்டி வாங்கியவர்கள் தங்களுக்குப் பயமில்லை என்று நினைக்கிறார்கள். தோற்றத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. மகிந்திரா கம்பெனியின் "தார்" வண்டி நான்கு சக்கரமும் தள்ளும் வகையிலும் வருகிறது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் இருந்து பின் சக்கரம் மட்டும் தள்ளும் வகையிலும் வருகிறது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். தன் வீட்டில் நிற்பது அண்ணனா தம்பியா என்பதைச் சொந்தக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

மணலை அறிந்தவர்கள்

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனில் இருந்து வந்த ரயிலைக் கடல் கொண்டு போயிற்று. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதில் மாண்டார்கள். அதன் பிறகு அங்கே ரயில் இல்லை, ரோடும் இல்லை. 1988 அக்டோபர் 2ஆம் தேதி பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்தார்கள். மோட்டார் கார் தீவுக்குள் வந்தது. வந்தும் என்ன? முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்து விட்டது. அப்பால் மணல்தான்.

2017ஆம் ஆண்டு ஜூலையில் புது ரோடு திறக்கும் வரை, பார்க்க வருகிறவர்களை வேனிலும் ஜீப்பிலும் ஏற்றிக்கொண்டு அந்த மணலில் ஓட்டியவர்கள் உள்ளூர் டிரைவர்கள். அவற்றில் பல, பின் சக்கரம் மட்டும் தள்ளிய பழைய வண்டிகள். எப்படி ஓடின? மணலைப் படித்திருந்தார்கள் அந்த டிரைவர்கள். எங்கே ஈரம் இறுகி இருக்கும், எங்கே மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். எந்தக் கடல் எந்தக் காற்றில் எவ்வளவு ஏறும் என்றும் தெரியும். முன் வண்டியின் தடத்தை விட்டு விலக மாட்டார்கள். நடுவில் நிறுத்த மாட்டார்கள். வெடுக்கென்று திருப்ப மாட்டார்கள்.

ரோடு வந்தது. மிக நல்லது. வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அரிச்சல்முனை வரை சுகமாகப் போய் வருகிறார்கள். ஆனால் அந்த டிரைவர்களின் பிழைப்பு சுருங்கியது. அவர்களுடைய படிப்புக்கும் மதிப்பில்லாமல் போயிற்று. இப்போது சென்னையிலும் மதுரையிலும் பெங்களூரிலும் இருந்து விலை உயர்ந்த கார்கள் வருகின்றன. தார் ரோட்டை விட்டு இறங்கிக் கடல் ஓரம் நின்று படம் எடுக்க ஆசை! சக்கரம் புதைந்த பிறகு உள்ளூர்க்காரர்களைக் கூப்பிடுகிறார்கள்.

ரோட்டிலும் மணல்

ரோட்டை விட்டு இறங்காதவர்களும் அலட்சியமாக இருக்கக் கூடாது. காற்று பலமாக வீசும் மாதங்களில் மணல் ரோட்டின் மேல் ஏறிப் படுத்துக் கொள்ளும். தாரின் மேல் மெல்லிய மணல் என்றால், தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன் மேல் நடப்பது போல. டயருக்கு அடியில் மணல் உருளும். பிரேக் போட்டால் கார் நிற்காமல் வழுக்கும். பின் சக்கர வேகக் காரில் வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வால் பக்கம் முன்னே வரப் பார்க்கும். பனி நாட்டில் கார் சுழன்று போவது இப்படித்தான். இங்கோ ரோடு நேராக இருக்கிறது, இருபுறமும் கடல், கால் தானாக அழுத்துகிறது. ரோட்டு ஓரத்தில் மீன் விற்கும் பெண்களும் பிள்ளைகளும் இருப்பது கண்ணில் படுவதில்லை.

கடலோர மணலில் கார் ஓட்டக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பங்குனி ஆமைகள் கரையேறி முட்டை இடுகிற இடம் இது. முட்டை மணலுக்குள் இருக்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சக்கரம் ஏறினால் அவ்வளவுதான். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் பறவையை நம் எஞ்சின் உறுமி விரட்ட வேண்டுமா?

என் யோசனை இது. ரோடு முடியும் இடத்தில் மட்டும் அல்ல, முகுந்தராயர் சத்திரத்திலேயே பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். "தார் ரோட்டை விட்டுக் காரை இறக்காதீர்கள்" என்று தமிழிலும் இந்தியிலும் எழுத வேண்டும். படமும் போட வேண்டும். பழைய வேன் டிரைவர்கள் சிலரை நான்கு சக்கரம் தள்ளும் ஒரு ஜீப்போடு அங்கே மாவட்ட நிர்வாகம் நிறுத்தி வைக்கலாம். புதைந்த காரை இழுக்க இவ்வளவு ரூபாய் என்று பலகையிலேயே எழுதி விடலாம். பேரமும் இல்லை, சண்டையும் இல்லை. மணலில் இறக்கியதற்குத் தனியாக அபராதமும் போடலாம். கியூபெக்கில் டயருக்குச் சட்டம் போடும்போது, நம்மால் மணலுக்கு ஒரு சட்டம் போட முடியாதா?

அதுவரை தெரியாத்தனமாக யாராவது புதைந்து விட்டால், செய்ய வேண்டியதைச் சொல்லி விடுகிறேன். முதலில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். எல்லோரும் இறங்குங்கள். சக்கரத்தைச் சுற்றி உள்ள மணலைக் கையால் தோண்டி எடுங்கள். தள்ளும் சக்கரங்களில் இருந்து பாதிக் காற்றை இறக்கி விடுங்கள். டயர் தட்டையாகி அதிக இடத்தில் படியும், அமுங்காது. சக்கரத்துக்கு முன்னால் சாக்கு அல்லது பனை மட்டை போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, மெதுவாக எடுங்கள். கயிறு கட்டி இழுத்தால் குழந்தைகளை வெகுதூரம் விலக்கி நிறுத்துங்கள். அறுந்த கயிறு சவுக்கு மாதிரி அடிக்கும். கார் ஏறியதும் காற்று அடிக்கும் வரை மெதுவாகவே போங்கள்.

பனி நாடுகளில் ரோட்டில் உப்புத் தூவிப் பனியைக் கரைப்பார்கள். அந்த உப்பு கார்களின் அடியைத் துருப்பிடிக்க வைத்து அரித்துவிடுகிறது. இங்கே உப்பைக் கடலே இலவசமாகத் தூவுகிறது. ஆகவே வீடு திரும்பியதும் மேலே பளபளப்பதைத் துடைத்துவிட்டு நிற்காதீர்கள். சைலன்சர், பிரேக், அடித்தகடு எல்லாவற்றையும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள்.