சோறு இருக்கிறது, சத்து எங்கே?

தமிழ்நாட்டில் இன்று அரிசிக்குப் பஞ்சம் இல்லை. 2011-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அரிசி அட்டை உள்ளவர்களுக்கு ரேஷன் கடையில் அரிசி இலவசம். உலை கொதிக்கிறது. வயிறு நிறைகிறது.

ஆனால் ஒரு குறை மட்டும் தீரவில்லை. அதுதான் ரத்த சோகை!

மத்திய அரசாங்கம் 2019 முதல் 2021 வரை நடத்திய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதைச் சொல்லியது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு அதே குறை.

ரத்தம் குறைந்தால் என்ன ஆகும்? நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். தலை சுற்றும். பிள்ளைகளுக்குப் படிப்பில் மனம் செல்லாது. கர்ப்பிணிப் பெண்களுக்குப் பிரசவமே ஆபத்தாக முடியலாம்.

வயிறு நிறைந்தும் ரத்தம் ஊறாதது ஏன்?

எட்டு கிராம் பருப்பு!

ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. யார் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று 2024-ம் ஆண்டு அது ஒரு கணக்குச் சொன்னது. பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்குத் தானியம் 250 கிராம் போதும். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்ந்து 85 கிராம் வேண்டும். கீரையும் காய்கறியும் 400 கிராம் வேண்டும். அதாவது மூன்று பங்கு அரிசி என்றால், ஒரு பங்கு பருப்பு வகை.

நம் வீட்டுத் தட்டில் எப்படி இருக்கிறது?

ரேஷனில் மலிவு விலையில் கிடைப்பது அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு. நாலு பேர் உள்ள வீட்டில், அதை 30 நாளைக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம்தான் வரும். 85 கிராம் எங்கே? 8 கிராம் எங்கே? சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்!

மீதியைக் கடையில் வாங்க வேண்டியதுதான். "அதற்குப் பணம் ஏது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பணம் போகும் வழி

குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவு செய்கின்றன என்று 2022-23-ல் நாடு முழுவதும் கணக்கு எடுத்தார்கள். கிராமத்துக் குடும்பங்கள் 100 ரூபாய் செலவு செய்தால், அதில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்குச் சுமார் 5 ரூபாய்தான் போகிறது. நொறுக்குத் தீனி, குளிர்பானம், கடைப் பலகாரம் போன்றவற்றுக்குக் கிட்டத்தட்ட 10 ரூபாய் போகிறது! நகரத்தில் இன்னும் சற்று அதிகம்.

அரிசியில் மிச்சமான காசு பாக்கெட்டில் போய்விடுகிறது.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆளுக்கு நாள்தோறும் ஒரு 10 ரூபாய் பாக்கெட். மாதம் 600 ரூபாய் ஆகிறது. பாக்கெட்டில் இருப்பது மாவும், எண்ணெயும், உப்பும்தான்.

அதே 600 ரூபாயில் வேறு என்ன வாங்கலாம்? நாலு பேருக்கும் வாரம் மூன்று முட்டை வீதம் மாதம் சுமார் 50 முட்டை. முட்டை 7 ரூபாய் என்றால் 350 ரூபாய். மீதி 250 ரூபாயில் ஒரு கிலோ நிலக்கடலையும், கொஞ்சம் கீரையும் வாங்கலாம். பிள்ளைகளிடமிருந்து பாக்கெட்டைப் பிடுங்கினால் அழுவார்கள். கையில் அவித்த கடலையைக் கொடுத்தால் அழுகை நிற்கும்.

பள்ளிக்கூடம் கற்ற பாடம்

சோறு மட்டும் போதாது என்பதை அரசாங்கமே படிப்படியாகத்தான் கற்றது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் சோற்றோடு முட்டை சேர்ந்தது. முதலில் எப்போதோ ஒரு முட்டை. 2010-ல் அது வாரம் ஐந்து முட்டை ஆனது.

2023-ம் ஆண்டு நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் கூடத் தேறாது.

பள்ளிக்கூடத் தட்டு மாறிவிட்டது. வீட்டுத் தட்டும் மாற வேண்டும்.

செலவில்லாத வழிகள்

அடுப்படியில் காசில்லாமலே சத்தைக் காப்பாற்றலாம்.

சோறு வடித்த கஞ்சியைக் கீழே கொட்டக் கூடாது. அரிசியின் சத்தில் ஒரு பகுதி கஞ்சியில்தான் இருக்கிறது. அரிசியைப் பல தண்ணீர் விட்டுக் கழுவினாலும் சத்து போகும்.

காயையும் கீரையையும் முதலில் கழுவ வேண்டும். பிறகுதான் நறுக்க வேண்டும். மூடி போட்டு, கொஞ்சம் தண்ணீரில் வேக வைக்க வேண்டும்.

பயறு, கொள்ளு, கொண்டைக்கடலையை ஊற வைத்து, முளை கட்டிச் சமைத்தால் அதில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். கீரைக் கூட்டோடு எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இன்னும் நல்லது.

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது கெடுதல். சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை டீ தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

வீட்டோரம் ஒரு முருங்கை நின்றால், கீரைக்குக் காசே வேண்டாம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மத்தியும் நெத்திலியும் பெரிய மீனை விட மலிவு, சத்தில் குறைவில்லை.

கடைசித் தட்டு

இவ்வளவும் செய்தாலும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. பல வீடுகளில் கணவரும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகுதான் தாய் சாப்பிட உட்காருகிறார். அப்போது முட்டை தீர்ந்திருக்கும். குழம்பில் காய் இருக்காது. மிஞ்சுவது சோறும் ரசமும்தான்.

மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ரத்தத்தை இழப்பவர் அவர்தான். ஆணை விடப் பெண்ணுக்குத்தான் இரும்புச் சத்து அதிகம் தேவை. ஆனால் அவர் தட்டுக்குத்தான் அது வந்து சேருவதில்லை!

தலை சுற்றலும் மூச்சு வாங்கலும் இருந்தால் சாப்பாட்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை அங்கே இலவசமாகவே கிடைக்கிறது.

வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். முடியாவிட்டால், அம்மாவின் பங்கைப் பரிமாறும் முன்பே தனியாக எடுத்து மூடி வைக்கலாம். அதற்குப் பணம் வேண்டாம். நினைப்பு இருந்தால் போதும்.