பொலிவியாவில் எனக்கொரு பிள்ளை

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் பதினொரு வருடங்கள் ஒரு பொலிவியாச் சிறுமியின் படம் ஒட்டியிருந்தது. வருடத்திற்கு ஒரு புதுப்படம் தபாலில் வரும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டுவேன். 2009 இல் வந்த முதற் படத்தில் அவளுக்கு 7 வயது, முன்பற்கள் இரண்டும் இல்லை. 2020 இல் வந்த கடைசிப் படத்தில் 18.

நோர்வேயில் இது சாதாரண விடயம். வேலையிடத்தில் கோப்பி குடிக்கும் நேரத்தில் பலர் தங்கள் வெளிநாட்டுப் பிள்ளையைப் பற்றிக் கதைப்பார்கள். தத்து எடுப்பதில்லை. மாதம் ஒரு தொகை வங்கிக் கணக்கில் இருந்து தானாகக் கழியும், பதிலுக்குப் படமும் கடிதமும் வரும். நானும் ஒருநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மனிசி கேட்டா: "வன்னியில எங்கட சனம் கம்பி வேலிக்குப் பின்னால நிக்குது, நீங்கள் ஆரோ ஒரு பொலிவியாப் பிள்ளைக்குக் காசு கட்டுறியள்?"

அந்தக் கேள்விக்கு அன்றும் பதில் இருக்கவில்லை. முகாமுக்குள் இருந்த சொந்தங்களுக்குக் காசு அனுப்ப வழி தெரியாமல் திரிந்த மாதங்கள் அவை. எங்கேயாவது ஒரு பிள்ளை சாப்பிட்டால் சரி என்று நினைத்திருப்பேன் போல.

2016 இல் மகளையும் கூட்டிக்கொண்டு பொலிவியாவுக்குப் போனேன். எல் ஆல்ட்டோ விமான நிலையம் 4000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்ததும் மூச்சு வாங்கியது. எல்லோரும் கொக்கா இலைத் தேநீரைக் கையில் தந்தார்கள். குடித்தேன். தலையிடி போகவில்லை. கீழே பெரிய கோப்பைக்குள் கொட்டிவிட்டது போல லா பாஸ் நகரம். மேலே, பூசாத செங்கல் வீடுகளோடு எல் ஆல்ட்டோ. இரண்டுக்கும் இடையே 2014 இல் இருந்து கம்பியில் தொங்கும் பெட்டிகள் ஓடுகின்றன, அப்போது கட்டணம் 3 பொலிவியானோ. மகளுக்கு அதில் ஏறி இறங்குவதே போதுமாக இருந்தது.

அமைப்பின் ஊழியர் ஒருவரோடுதான் வீட்டுக்குப் போகலாம் என்பது விதி. தாய் அய்மாரா இனத்தவர். பல அடுக்குப் பாவாடையும் தொப்பியுமாக வாசலில் நின்றா. வியாழனும் ஞாயிறும் கூடும் எல் ஆல்ட்டோவின் பெருஞ்சந்தையில் பழைய உடுப்பு விற்கிறா. பிள்ளைக்குக் காலையில் பள்ளிக்கூடம். பின்னேரம் இன்னொரு தொகுதிப் பிள்ளைகள் அதே வகுப்பறைக்கு வருவார்கள், இவள் சந்தையில் தாயோடு இருப்பாள். எங்களுக்குச் சூப் தந்தார்கள். அதற்குள் கறுப்பாய்ச் சிறிய உருளைக்கிழங்குகள். "சுன்யோ" என்றார்கள். இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்துத் தண்ணீரை எடுத்து, வெயிலில் காயவைப்பார்களாம். வருடக்கணக்கில் கெடாது. ஒடியல் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி, 12 வயது. அவனுக்கு வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைதான் என்று ஊழியர் சொன்னார். பின்னேரங்களில் அவன் மினிபஸ் கதவில் தொங்கியபடி ஊர்ப்பெயர்களைக் கூவுகிறான், எங்கட யாழ்ப்பாண மினிபஸ் பெடியள் போலவே. 2014 இல் பொலிவியா பத்து வயதுப் பிள்ளைகளும் நிபந்தனைகளோடு வேலை செய்யலாம் என்று சட்டம் போட்டது. ஐரோப்பாவில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதைக் கேட்டவர்களில் வேலை செய்யும் பிள்ளைகளின் சங்கமும் இருந்தது. எப்படியும் வேலை செய்கிறோம், எங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். 2018 இல் வயதெல்லை மீண்டும் 14 ஆனது. அதற்காக மினிபஸ்களில் கூவுகிற குரல்கள் நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை.

வெளிக்கிடும் நேரம் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னா. ஊழியர் மொழிபெயர்க்கத் தயங்கினார். வற்புறுத்திக் கேட்டேன். "சென்ற வருடம் மகளுக்குச் சுகமில்லை, கடிதம் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள், அதற்காக நிறுத்திவிட வேண்டாம் என்கிறார்."

எனக்கு ஆடிப்போய்விட்டது.

ஏனென்றால் நானும் அப்படி எழுதியவன். ஊரில் விடுதியில் இருந்து படித்த காலத்தில் எனக்கும் ஒரு வெள்ளைக்கார அங்கிள் இருந்தார். மாதக் கடைசியில் கரும்பலகையில் கடிதத்தை எழுதிப்போடுவார்கள். "டியர் அங்கிள், ஐ ஆம் வெல்." நாற்பது பெடியளும் அதையே பார்த்து எழுதுவோம். ஒருமுறை கடைசி வரியில் என் செருப்பு அறுந்துவிட்டது என்று நானாகச் சேர்த்தேன். பொறுப்பாளர் எல்லோருக்கும் முன்னால் அதைக் கிழித்தார். பிச்சைக்காரப் புத்தி என்றார். அடுத்த கடிதத்தில் ஐ ஆம் வெல் என்றுதான் எழுதினேன், வெறுங்காலோடு.

இந்த முறை 1937 இல், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் அகதியான பிள்ளைகளுக்காக ஒரு ஆங்கிலப் பத்திரிகையாளர் தொடங்கிய முயற்சியாலும் பரவியது. அகதிப் பிள்ளைக்காகத் தொடங்கியதை நான் நக்கலடிக்க முடியாது. எதிர்ப்பும் பழையதுதான். 1982 இலேயே நியூ இன்ரநஷனலிஸ்ட் சஞ்சிகை இப்படிப் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்க வேண்டாம் என்று எழுதியது. 1998 இல் சிக்காகோ ரிபியூன் செய்தியாளர்கள் தாங்களே பிள்ளைகளைப் பொறுப்பெடுத்துத் தேடிப் போனார்கள். மாலி நாட்டில் ஒரு சிறுமி இறந்துபோன பிறகும் அவள் பெயரில் பணம் வாங்கப்பட்டிருந்தது.

மற்றப் பக்கமும் இருக்கிறது. 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கொம்பாஷன் என்ற அமைப்பின் உதவியைப் பற்றி ஆறு நாடுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் விபரம் திரட்டியது. பொலிவியாவும் இந்தியாவும் அதில் உண்டு. உதவி பெற்ற பிள்ளைகள் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஒரு வருடப் படிப்பு சின்ன விடயமா? ஆகவே காசைக் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். எனக்குப் பிரச்சினை கடிதம். நான் கேட்காத, ஆனால் என் பெயரில் வசூலிக்கப்படுகிற நன்றி.

பொலிவிய அரசு 2006 இல் இருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வருடத்துக்கு 200 பொலிவியானோ கொடுக்கத் தொடங்கியது. சின்னத் தொகைதான். ஆனால் பிள்ளை வகுப்புக்குப் போயிருந்தால் போதும், ஒருவருக்கும் நன்றி எழுதத் தேவையில்லை. தம்பிக்கும் கிடைத்தது. (அரசியல்வாதி அதை வாக்குச்சீட்டில் எழுதி வாங்குவார் என்பது வேறு கதை.)

எங்கட ஆக்களைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. பிறந்தநாளுக்கு வன்னிப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் பையும் கொடுக்கிறோம், நல்லது. பிறகு அந்தப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பையை நெஞ்சோடு பிடிக்கச் சொல்லி, படமெடுத்து இணையத்தில் போடுகிறோம். அந்தப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் இருப்பார்கள் என்று யோசிக்கிறதில்லை. நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

திரும்பி வந்து, எனக்குக் கடிதம் வேண்டாம் என்று அமைப்புக்கு எழுதினேன். கடிதம் தொடர்பைப் பேணுவதற்கு அவசியம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கடிதங்களும் வந்தன.

2020 இல் கடைசிக் கடிதம் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பில் வழக்கமான நன்றிகள். பின்பக்கத்தில் வேறு மையில், மொழிபெயர்க்காத ஒரு வரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிய மொழி படித்த மகள் வாசித்துச் சொன்னாள்: "அப்பா, இனி எழுதாவிட்டாலும் நீங்கள் கோவிக்க மாட்டியள்தானே எண்டு கேக்கிறா."

கோவிக்க மாட்டேன் என்று எழுதிப் போட்டேன். அது அவளிடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.