மஞ்சள் மேலேயா, கீழேயா?

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கும்போது கண் எரிகிறதா? அந்தக் காரத்துக்குக் காரணம் கந்தகம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விளையும் விடாலியா வெங்காயம் கண்ணை அவ்வளவாகக் கரிக்காது, இனிக்கும். அந்த மண்ணில் கந்தகம் குறைவு என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வெங்காயத்துக்கு மட்டுமல்ல, எல்லாச் செடிக்கும் கந்தகம் வேண்டும். நீரில் கரைந்த சல்பேட்டாக அதை வேர் உறிஞ்சுகிறது. இதற்கென்றே வேர் செல்களில் வாசல் போன்ற புரதங்கள் உள்ளன. கையிருப்பு போதுமென்றால் செடி வாசல்களைக் குறைத்துக்கொள்ளும். தட்டுப்பாடு வந்தால் கூடுதல் வாசல்களைத் திறக்கும். செல்லுக்குள் சேமித்த சல்பேட்டையும் எடுத்துச் செலவழிக்கும். இப்படி வாசல் திறக்க உத்தரவிடும் ‘ஸ்லிம்1’ என்ற புரதத்தை, கடுகு இனத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியில் ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டறிந்து 2006-ல் வெளியிட்டார்கள்.

உள்ளே வந்த சல்பேட்டைக் கொண்டு இலைகள் சிஸ்டீன், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களைத் தயாரிக்கின்றன. மெத்தியோனினை நம் உடலால் தயாரிக்க முடியாது. உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

சரி, செடிக்குக் கந்தகம் போதவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? தழைச்சத்து குறைந்தால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். பழைய இலையில் இருப்பதை எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும் செடி. கந்தகத்தை அவ்வளவு சுலபமாக இடம் மாற்ற முடியாது. அதனால் தளிர்தான் முதலில் வெளுக்கும். தளிரில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம்.

மஞ்சளைக் கண்டதும் யூரியாவைக் கொட்டுவது பலரின் வழக்கம். கந்தகம் இல்லாமல் அந்த யூரியாவைச் செடியால் முழுமையாகப் புரதமாக்க முடியாது. காசுதான் வீண். சூப்பர் பாஸ்பேட்டில் சுமார் 11 சதவீதம் கந்தகம் உண்டு; டிஏபியில் இல்லை. டிஏபியும் யூரியாவும் மட்டுமே போட்டுவரும் நிலத்தில் கந்தகம் குறைந்துகொண்டே போகும்.

நிலக்கடலைக்கு 40 முதல் 45-ம் நாளுக்குள் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். அதிலுள்ள கால்சியம் காய் திரள உதவும். கந்தகம் எண்ணெய்ச் சத்தைக் கூட்டும்.

மண்வள அட்டையில் கந்தகத்துக்கும் ஒரு வரி உண்டு, அதையும் படியுங்கள். மாடித்தோட்டமோ வயலோ, உரத்தைக் கையில் எடுக்கும் முன் மஞ்சள் மேலேயா, கீழேயா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.