ஒட்டுப் போட்டாலும் அதே எஞ்சின்தான்

பழைய மோட்டார் சைக்கிள்களின் மீது தீராத பிரியம் கொண்ட நண்பர் ஒருவர், தம் தகப்பனார் காலத்துப் புல்லட்டைச் சென்ற மாதம் பட்டறையில் விட்டிருந்தார். எஞ்சினின் அடிப்பாகமாகிய அலுமினிய வார்ப்பில், தொழிலாளர் கிராங்க் கேஸ் என்று வழங்கும் அந்த உறையில், ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் கண்டிருந்ததைத் தரையில் சொட்டிய எண்ணெய் காட்டிக்கொடுத்தது. “இதைத் தூக்கிப் போடுங்க சார், புதுப்பேட்டையில வேற கேஸ் கிடைக்கும், ரெண்டு நாள்ல ஏத்திடலாம்” என்று அங்கிருந்த இளைஞர் சொன்னது நல்லெண்ணத்தினால்தான். எனினும் அந்த யோசனை மலிவானது போலத் தோன்றினாலும், அதனால் நேரும் நஷ்டம் அற்பமானதன்று என்பதே என் அபிப்பிராயம்.

1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தபோது, கப்பலில் வந்திறங்கிய புல்லட் பாகங்களைப் பூட்டி முடுக்குவதே இங்கு நடந்த வேலையாயிருந்தது. பின்னர் அச்சுகளும் கருவிகளுமே கடல் கடந்து வந்து சேர, திருவொற்றியூர் ஆலையில் வண்டி முழுமையும் நம்மவர் கையால் உருவாகத் தொடங்கியது. 1970-இல் தாய் நிறுவனம் அஸ்தமித்த பிறகும் பிள்ளை நிலைத்து, 1977-இல் தன் பூர்விக தேசத்துக்கே வண்டிகளை ஏற்றுமதி செய்யும் நிலைக்கு உயர்ந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமுமாய் 346 சி.சி. கொள்ளளவு கொண்ட அந்த எஞ்சினுக்கு எண்ணெய்த் தொட்டி தனியாகக் கிடையாது. கிராங்க் கேஸின் வார்ப்பிலேயே அதற்கொரு அறை அமைந்திருக்கிறது. ஆதலால் அந்த உறையில் விழும் விரிசல், வெளித்தோலில் பட்ட கீறலன்று. ரத்தக் குழாயிலேயே பட்ட காயம்.

இவ்வுறை இரண்டு பாதிகளால் ஆனது. அவ்விரண்டையும் ஒன்றாகப் பூட்டியே பேரிங் அமரும் துளைகளைக் கடைவது வழக்கமாதலின், வேறொரு வண்டியின் பாதியைக் கொணர்ந்து பொருத்துவது, ஒருவருடைய ஜாதகத்தின் முன்பக்கத்தோடு மற்றொருவருடைய ஜாதகத்தின் பின்பக்கத்தைத் தைப்பதற்கு ஒப்பாகும். அதைக் காட்டிலும் முக்கியமானது, எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது இந்த உலோகத்தின் மீதுதான் என்பது. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பதும் அந்த எண்ணே. உறையை வீசியெறிகிறவர், வண்டியின் பெயரையும் சேர்த்தே குப்பையில் போடுகிறார்.

செப்பனிடுவது எளிதா என்றால், எளிதன்று. விரிசலின் மீது எம்-சீல் பூசி அனுப்புவது ஊர் போய்ச் சேர்வதற்கு உதவுமேயன்றி வைத்தியமாகாது. முதலில் விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாதபடி தடுத்து, அதன் நெடுகிலும் வாய்க்கால் போல் அரம் வைத்து அகழ வேண்டும். பல்லாண்டுகளாக வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிப்போன எண்ணெயோ லேசில் விடுவதில்லை. சூடு காட்டினால் கசியும், துடைத்துவிட்டு மறுபடியும் சூடு காட்ட வேண்டும், அது வற்றும் வரையில் பொறுமையும் வற்றாதிருக்க வேண்டும். பின்பு இரு பாதிகளையும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டி, வளைந்துவிடாதபடி மிதமாகச் சூடேற்றி, சிலிக்கன் கலந்த அலுமினியக் கம்பியைக் கொண்டு ஆர்கான் வெல்டிங் செய்வார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும்; அதன் மேல் படர்ந்துள்ள ஆக்ஸைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காமல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒழுகிவிடும் இவ்வுலோகத்தின் சுபாவத்தைக் கண்ணும் கையும் அறிந்திருக்க வேண்டும். பொடிவைத்து ஊதும் பொற்கொல்லருக்கு உரிய நிதானமே இங்கும் வேண்டப்படுவது.

பேரிங் அமரும் இடமே சிதறிப்போயிருந்தால், அல்லது முன்பே எவரோ அரைகுறையாய்ப் பற்றவைத்து உலோகம் கெட்டிருந்தால், மாற்றுவதே விவேகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஓட்டுபவரின் உயிரைப் பணயம் வைத்துப் பழமையைப் போற்ற எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை. ஆனால் அத்தகைய நிர்ப்பந்தம் இல்லாதபோதும் மாற்றுவதையே முதல் யோசனையாகக் கொள்ளும் மனோபாவம், நம் கோயில்களில் ஜீர்ணோத்தாரணம் என்ற பெயரால் பழைய கல்லை ஒதுக்கிவிட்டுப் பளபளக்கும் ஓடு பதிப்பவர்களின் மனோபாவத்துக்குச் சகோதரமானது.

இதில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பேணப்பட்டு, சட்டகத்திலோ கூட்டிலோ எஞ்சினிலோ கணிசமான மாற்றத்துக்கு உள்ளாகாத வாகனமே ‘விண்டேஜ்’ என்ற தகுதியைப் பெறும். அந்தக் ‘கணிசமான’ என்ற சொல்லின் எல்லை எது என்பதில்தான் என் கவலை. மூல உறையையே நிறுத்தி, எண்ணைத் தீண்டாமல், விரிசலை மட்டும் பற்றவைத்த வேலை மாற்றமன்று, பராமரிப்பே என்பதை விதியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு, செய்தவர் கையெழுத்திட்ட ஒரு குறிப்பைப் பதிவு அலுவலகம் ஏற்றுக்கொள்ளுமானால், வீண் சந்தேகத்துக்கும் இடமிராது. பெயரின்றி உழைக்கும் தொழிலாளருக்கும் ஓர் அந்தஸ்து கிட்டும். பழைய வார்ப்பைச் செப்பனிடும் வித்தையைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒரு சிறு பாடமாகவேனும் வைக்கலாம்.

நண்பர் வேறு கேஸ் வாங்கவில்லை. வேலை முடிந்தபின், பற்றவைத்த தழும்பைத் தேய்த்து மறைத்துவிடலாமா என்று வெல்டர் கேட்டார். “எண்ணெய் கசியவில்லையென்றால் அது அப்படியே இருக்கட்டும்” என்றார் நண்பர். இப்போது அந்த எஞ்சினில் பொறித்த எண்ணும் இருக்கிறது, காப்பாற்றிய கையின் தடமும் இருக்கிறது; வண்டியைச் சோதிக்கும் அதிகாரி எவராயினும் இரண்டையும் சேர்த்தே படிக்கட்டும்.