பாக்கப்போலி

சென்னையில் கட்டுப்படியாகிற வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்று அங்கலாய்ப்பவர்கள் எல்லாம் தேடத் தெரியாதவர்கள் என்று சென்ற இதழில் நண்பர் ஒருவர் நான்கு பக்கத்துக்குத் தீர்ப்பெழுதியிருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஏழு வீடு மாறி, ஏழு முறை பால் காய்ச்சி, ஏழு புரோக்கர்களுக்கு ஒரு மாத வாடகையைக் கமிஷனாக அழுத எனக்கு, 'உனக்குத் தேடத் தெரியாது' என்பதை இப்போதாவது சொன்னாரே என்று நன்றிதான். மணிமேகலையில் அறவண அடிகள் அளவை நூல் கற்பிக்கும் இடத்தில், வாதம் கெட்டுப்போகும் வழிகளைப் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிரிப்பார்: நாட்ட வந்த முடிவு பழுது, சொன்ன காரணம் பழுது, காட்டிய உதாரணம் பழுது. மூன்றில் ஒன்று இருந்தாலே வாதம் தோற்றது. நண்பர் மூன்றையும் ஒரே கட்டுரையில் சாதித்திருப்பதால் அடிகளின் வரிசையிலேயே போவோம். கோடம்பாக்கமும் நுங்கம்பாக்கமும் வில்லிவாக்கமுமாகப் பாக்கங்களால் ஆன ஊர் இது என்பதால், முதலாவதன் பெயரில் மட்டும் ஒரு கால் கூட்டிக்கொள்கிறேன்.

பாக்கப்போலி என்ன? மலிவான பகுதிகள் ஏராளம், போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை என்பது. பட்டியலும் தருகிறார்: மேடவாக்கம், முடிச்சூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. இந்தப் பட்டியல் ஏன் தெற்கு நோக்கி மட்டுமே நடக்கிறது? சென்ட்ரலில் மின்ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த நிலையம் வியாசர்பாடி ஜீவா. கூடுவாஞ்சேரியோ தாம்பரத்தையும் தாண்டி, கடற்கரை நிலையத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. வாடகையும் தூரமும்தான் அளவுகோல் என்றால் வியாசர்பாடியும் கொருக்குப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் அல்லவா பட்டியலின் தலையில் இருந்திருக்க வேண்டும்? காலில்கூட இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. 'குடும்பத்தோடு வசிக்கத்தக்க சூழல்' என்ற சொற்றொடர் மட்டும் ஓரமாக வந்து, வந்த சுவடு தெரியாமல் போகிறது. அப்படியானால் வியாசர்பாடியில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் யாரோடு வசிக்கிறார்களாம்? 'சூழல்' என்ற சொல்லின் பொருளை, டு-லெட் பலகையைப் பார்த்துப் படியேறி, 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டுப் படியிறங்கியவர்களைக் கேட்டால் அகராதி இல்லாமலே சொல்வார்கள்.

வடசென்னையைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறலோடு ஜனம் வீட்டைவிட்டு ஓடியது. அனல்மின் நிலையத்தையும் சுத்திகரிப்பு ஆலையையும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டையும் அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தது அங்கே குடியிருப்பவர்களா? அங்கே வாடகை குறைவென்றால் அது காற்றுக்கும் தண்ணீருக்குமாகக் கழிக்கப்பட்ட தள்ளுபடி. நண்பருக்குப் பிடிபடாத சூத்திரம் இவ்வளவுதான்: வாடகை எங்கே இறங்குகிறதோ அங்கே நகரம் எதையோ கொடுக்காமல் விட்டிருக்கிறது, இல்லையேல் யாருக்கும் வேண்டாததைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குப் பெயர் 'மலிவு'. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குப் பெயர் 'தேடல்'!

அடுத்தது ஏதுப்போலி. தூரம் இனி ஒரு பொருட்டல்ல, மெட்ரோ வந்துவிட்டது என்கிறார். மெட்ரோ 2015-ல் வந்தது, மறுக்கவில்லை. அது தெற்கே விமான நிலையத்தோடு நின்றுவிட்டதே, அவர் பட்டியலுக்கு எப்போது வந்தது? ஒரு பேச்சுக்கு, நகருக்குள் 15,000 ரூபாய் கேட்கும் வீடு கூடுவாஞ்சேரியில் 9,000-க்குக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 6,000. இருவர் வேலைக்குப் போகும் வீட்டில் ஷேர் ஆட்டோ, ரயில், இறங்கி மறுபடி பஸ் என்று தலைக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய் ஆனாலும் 25 நாளில் 4,000 போயிற்று. லாரித் தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கும் பங்கும், குடிக்கக் கேன் தண்ணீரும் சேர்ந்தால் மீதியும் கரைந்தது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அரசு 2016-ல் அறிவித்தது. சப்-மீட்டர் மாட்டிய வீட்டுக்காரரோ முதல் யூனிட்டிலிருந்தே எட்டோ பத்தோ வாங்கிக்கொள்கிறார். இவை எதுவும் வாடகை இல்லையாம், அதனால் நண்பரின் கணக்கில் வராதாம். ஐந்திணை போதாமல் அவர் ஆறாவதாக மனைத்திணை ஒன்றைக் கண்டிருக்கிறார் போலும்: நிலம், ஏரி உள்வாய், பொழுது, விடிகாலை ஐந்து மணி, கருப்பொருள், தண்ணீர் லாரியும் பிளக்ஸ் போர்டும், உரிப்பொருள், பிள்ளை எழுமுன் கிளம்பி அது தூங்கியபின் திரும்பும் தகப்பனின் பிரிவு. இதற்கு இலக்கணம் எழுதினால் ஏற்றுக்கொள்ளலாம், தீர்வு என்று விற்றால் எப்படி?

விற்றால் என்ற சொல்லை வாய் தவறிச் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தில் வாடகைக்காரனிடம் 'இந்தப் பகுதிகள் என்றும் மலிவு' என்று சொல்லும் அதே பேனா, நான்காம் பக்கத்தில் முதலீட்டாளரிடம் 'மெட்ரோ வந்ததும் மனை விலை இரட்டிப்பாகும்' என்று கண்ணடிக்கிறது. மனை விலை இரட்டித்தால் வாடகை மட்டும் விரதம் இருக்குமா? ஒரே ஊர் ஒருவனுக்கு மலிவாகவும் இன்னொருவனுக்கு லாபமாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்ற சின்ன விஷயம் அவருக்குத் தெரியாததல்ல. தான் பேசுவது யாருக்காக என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். வாசகனுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் நடுவில் ஒரு பக்கம் இடைவெளி விட்டிருக்கிறார்.

இனி திட்டாந்தம். ஏரியை ஒட்டிய மனை என்றால் பயமா, தியாகராய நகரே ஒரு காலத்தில் ஏரிதானே என்று கேட்கிறார். ஆம், ஏரிதான். லாங் டேங்க் என்று வெள்ளைக்காரர்கள் குறித்த அந்த நீண்ட ஏரியின் ஒரு பகுதியை 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் வடித்து, பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்களை அதிலிருந்து பிரித்து, அரசே ஊர் அமைத்தது. ஏரியைத் தூர்த்தது சரியா என்பது வேறு வழக்கு. நண்பரின் உதாரணம் நிரூபிப்பது என்னவென்றால், குடியிருப்பு உண்டாவது தேடுபவனின் சாமர்த்தியத்தால் அல்ல, பொதுப் பணத்தால் என்பதைத்தான்; அதாவது என் கட்சியை! 1977-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் தெருவும் குழாயும் சாக்கடையும் முதலில் போட்டு, ஏழைக்குச் சின்ன மனையும் நடுத்தர வர்க்கத்துக்குப் பெரிய மனையும் அடுத்தடுத்துத் தந்தார்களே, அது ஏன் அவருக்கு உதாரணமாகத் தோன்றவில்லை? அவர் மெச்சும் முடிச்சூரில் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்து படகில் ஆளேற்றியது தொலைக்காட்சியில் உலகமே பார்த்த காட்சி. 'இயற்கை எழில்' என்று அவர் எழுதியிருப்பது அந்தத் தண்ணீரைத்தானோ?

இன்னொரு திட்டாந்தம், கண்ணகி நகரும் பெரும்பாக்கமும். அரசே வீடு கொடுத்தும் ஏழைகள் திரும்பி வந்து கூவக்கரையில் குந்திக்கொள்கிறார்களாம், பேராசையாம். குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது, நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் குடிசை இருந்த மண்ணிலேயே மாடி எழுந்தது. கடலைப் பார்த்த மீனவன் கடலைப் பார்த்தபடியே இருந்தான். 2000-க்குப் பிறகு அதே வாரியம் ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரின் தென்கோடிக்கு லாரியில் ஏற்றியது. மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் பெரும்பாக்கத்திலிருந்து காலை ஆறு மணிக்கு எப்படி வந்து நிற்பாள்? 2021 முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, உண்மை. போய்வரும் மூன்று மணி நேரத்தை எந்த கண்டக்டர் திருப்பித் தருவார்? நீதி தவறிய அரசனின் தலைநகரை எரித்தவளின் பெயரை, நகரத்திலிருந்து அகற்றப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். நண்பருக்கு அதுவும் இல்லை.

சட்டம் வாடகைதாரரைக் காக்கிறது என்பது கடைசி அஸ்திரம். 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, மெய்தான். ஆனால் வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று அதே வாக்கியத்திலேயே ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் சென்னை வீட்டுக்காரர் அந்தக் கதவு வழியாகத்தான் தினமும் போய்வருகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே என்று சொல்ல வாடகைக்கு வருகிறவனுக்கு என்ன திராணி? அவனுக்குப் பின்னால் படிக்கட்டில் இன்னும் நான்கு பேர் நிற்கிறார்களே!

இவ்வளவும் எழுதியவர் எங்கே இருக்கிறார்? அதை அவரே போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்: மயிலாப்பூரில், தகப்பனார் கட்டிய வீட்டில். மாடிப் போர்ஷன் காலியாகி இரண்டு மாதம் ஆயிற்று, 'தகுந்த ஆட்கள்' இன்னும் அமையவில்லை என்ற வருத்தமும் அதே பத்தியில் இருக்கிறது. தேடத் தெரிந்தவனுக்கு எங்கும் கிடைக்கும் என்பவரின் வீட்டு மாடியிலேயே ஒரு மலிவான பேட்டை உருவாக வாய்ப்பிருக்கும்போது நான் எதற்குக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் ஏற வேண்டும்? என்ன ஆளுங்க, என்ன சமையல் என்று கேட்காமல், அவர் பட்டியலிட்ட வாடகைக்கே அந்தப் போர்ஷனைத் தரட்டும். இந்த எதிர்வினையை முழுதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்து பால் காய்ச்சுகிறேன். அட்வான்ஸ் மூன்று மாதம், அவர் மெச்சிய சட்டப்படி.