திரை வந்தது, ஆசிரியர் எங்கே?

ஐந்து வகுப்புகள், ஆசிரியர்கள் இருவர்! இட்டுக்கட்டிய கணக்கல்ல தோழர்களே, சட்டம் போட்டுத் தந்த கணக்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரையிலுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று அட்டவணை வகுத்திருக்கிறது. முப்பது பேருக்கு ஒருவர்! காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முப்பது பேரும் ஒரே வகுப்பா, ஒரே வயதா? ஒருவன் ‘அ’ எழுத வராமல் சிலேட்டைப் பார்த்துச் சிணுங்குகிறான். பக்கத்திலே இருப்பவள் மூன்றாம் வாய்ப்பாட்டை முழங்குகிறாள். அடுத்த வரிசைப் பையனோ, கழித்தல் கணக்கிலே கடன் வாங்கத் தெரியாமல் விழிக்கிறான். (அவனுடைய அப்பனுக்கு அந்தக் கலை அத்துப்படி, பாவம்!)

இத்தனை பேருக்கும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே வாயால் பாடம் சொல்லியாக வேண்டும் ஆசிரியர். முதல் வகுப்பைக் கவனித்தால் மூன்றாம் வகுப்பு சும்மா இருக்கும். மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டால் முதல் வகுப்பு சண்டை போடும். இருவரில் ஒருவர் விடுப்பெடுத்தாலோ, பயிற்சிக்கு அழைக்கப்பட்டாலோ, ஈராசிரியர் பள்ளி அன்றைக்கு ஓராசிரியர் பள்ளியாகிவிடும். அங்கே படிப்பவர் யார்? ஆலை முதலாளியின் மகனா? பட்டணத்து டாக்டரின் மகளா? இல்லை. கல்லுடைப்பவன், தறி ஓட்டுபவன், கட்டட வேலைக்குச் சித்தாளாய்ப் போகிறவள் பெற்ற பிள்ளைகள்! உன் பிள்ளை, என் பிள்ளை!

இந்தப் பள்ளிக்கூடத்தின் சுவரிலேதான் இப்போது திரை ஏறியிருக்கிறது. 2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களிலே, செல்போனைக் காட்டினால் பாடம் படமாய் விரியும் கியூஆர் குறியீடுகள் அச்சாயின. 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. பிள்ளைகளை வயதைக் கொண்டு பிரிக்காமல், எந்த அளவுக்கு எழுதப் படிக்க வருகிறது என்பதைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் திட்டம் அது. பிறகு 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் தொடக்கப் பள்ளிகளுக்கென்று திட்டமிடப்பட்டன. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கென ஏறத்தாழ 80 ஆயிரம் கைக்கணினிகள் ஒதுக்கப்பட்டன.

வரவேற்கிறோம். வாயார, மனமார வரவேற்கிறோம்! ‘எங்கள் பள்ளியிலே ஸ்மார்ட் கிளாஸ் உண்டு’ என்று தனியார் பள்ளிக்காரன் பெரிய எழுத்திலே பலகை வைத்ததும், அதைக் கண்டு மயங்கித் தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டிய தாய்மார்களும் நமக்குத் தெரியாதவர்களா? அந்தப் பலகையிலே இருந்த பொருள் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கும் வருகிறதென்றால், அதைக் கேலி பேசுவதற்கு நாம் பைத்தியக்காரர்களல்ல.

ஆனாலும், கொரோனாக் காலத்தை மறந்துவிட்டுப் பேச முடியாது. 2020இலும் 2021இலும் பள்ளிக் கதவுகள் மூடிக் கிடந்தபோது, ‘செல்போனிலே படி’ என்றார்கள் பிள்ளையை. வீட்டிலே இருந்ததோ ஒரு செல்போன். அதுவும் காலையிலே அப்பனோடு வேலைக்குப் போய்விடும். இரவிலே அப்பன் திரும்பும்போது அதிலே சார்ஜும் இருக்காது, நெட்டும் இருக்காது, பிள்ளையும் தூங்கியிருக்கும். கற்ற எழுத்தையும் மறந்த பிள்ளைகள் எத்தனை எத்தனை! அவர்களை மீட்க 2021 அக்டோபரிலே ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று ஒரு திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று. அதிலே என்ன செய்தார்கள்? தெருத்தெருவாகத் தன்னார்வலர்களைத் திரட்டி, மாலை வேளையிலே, பிள்ளைக்கு எதிரே ஒரு மனிதரை உட்கார வைத்தார்கள்!

இவ்வளவுக்குப் பிறகும், “திரையே எல்லாவற்றையும் சொல்லித் தருமே, இனி இத்தனை ஆசிரியர்கள் எதற்கு? சம்பளம் மிச்சமாகுமே” என்று சாய்வு நாற்காலியிலே சாய்ந்துகொண்டு பேசும் மேதாவிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் தென் அமெரிக்கா வரை வரட்டும், இரண்டு நாடுகளைக் காட்டுகிறோம்.

ஒன்று பெரு. மலையும் காடும் நிறைந்த நாடு. ஏழைகள் நிறைந்த நாடு. ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ என்று முழங்கி, 2008 முதல் எட்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளை வாங்கிப் பள்ளிகளிலே இறக்கினார்கள். பச்சையும் வெள்ளையுமாய் அழகான சின்னக் கணினிகள். சிற்றூர்ப் பள்ளிகளில் இணையம் இல்லை. ஆசிரியருக்குக் கிடைத்த பயிற்சியோ சொற்பம். ‘பிள்ளை கையிலே பெட்டியைக் கொடு, அறிவு தானாக வளரும்’ என்பது அவர்கள் எண்ணம். 2012இலே அமெரிக்கக் கண்ட நாடுகளின் வளர்ச்சி வங்கி 319 சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் கண்டதற்குச் சான்று இல்லை என்றது அறிக்கை! பொது அறிவுத்திறனிலே கொஞ்சம் ஏற்றம் தென்பட்டதாம். அதற்காகவா அத்தனை கோடி?

மற்றொன்று உருகுவே. அதே சின்னக் கணினிதான். அங்கே அதிபராக இருந்தவர் தபாரே வாஸ்கெஸ். லா தேஹா என்ற தொழிலாளர் பேட்டையிலே பிறந்து மருத்துவரானவர். 2007 மே மாதம் வியா கார்தால் என்னும் சிற்றூர்ப் பள்ளியிலே ‘செய்பால்’ திட்டம் தொடங்கிற்று. 2009 அக்டோபருக்குள் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படித்த மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கையிலும், அவர்களுடைய ஆசிரியர்கள் கையிலும் கணினி. கொடுத்ததோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. பள்ளிகளுக்கு இணையம் இழுத்தார்கள். பழுது பார்க்க ஏற்பாடு செய்தார்கள். தொண்டர் குழுக்கள் ஊர் ஊராய்ப் போய்ப் பெற்றோருக்கும் சொல்லிக் கொடுத்தன.

அதற்கு மேலும் ஒன்று செய்தார்கள். நாம் கண்ணிலே ஒற்றிக்கொள்ள வேண்டியது அதுதான். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர்கள் அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளிலே போதவில்லை. 2012இல் ஓர் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். 4, 5, 6ஆம் வகுப்புகளுக்கு வாரம் ஒருமுறை, எங்கோ தொலைவிலே இருக்கும் ஆங்கில ஆசிரியர் ஒருவர் திரையிலே தோன்றிப் பாடம் நடத்துவார். பதிவு செய்த படமல்ல, உயிருள்ள ஆள். பிள்ளை கேட்டால் பதில் சொல்லுவார். வகுப்பாசிரியர் அப்போது காபி குடிக்கப் போய்விடுவதில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து கவனிக்கிறார், தானும் கற்கிறார். அதே வாரத்தில் மேலும் இரண்டு வகுப்புகளை அவரே நடத்துகிறார், அந்தப் பாடத்தையே தொடர்கிறார். திரையிலிருப்பவருக்கு மொழி தெரியும். வகுப்பிலிருப்பவருக்குப் பிள்ளை தெரியும். இருவரும் கலந்து பேசித்தான் அடுத்த வாரப் பாடம்!

பெட்டி ஒன்றுதான். பெருவிலே அது பிள்ளையைத் தனியே விட்டது. உருகுவேயிலே இரண்டு ஆசிரியர்களை இணைத்தது.

இதை நம்முடைய ஈராசிரியர் பள்ளியிலே வைத்துப் பார்ப்போம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் திரையிலே ஒரு கதையைப் பார்க்கிறார்கள். பார்த்து முடித்ததும் நாலு நாலு பேராய்க் கூடி, கதையிலே யார் யார் வந்தார்கள் என்று தங்களுக்குள் பேசி எழுதுகிறார்கள். அந்த இருபது நிமிடமும் ஆசிரியர் எங்கே? தரையிலே, முதல் வகுப்புப் பிள்ளையின் பக்கத்திலே, அதன் விரலைப் பிடித்து ‘அ’ எழுதிக்கொண்டிருக்கிறார்! திரை தந்த அந்த இருபது நிமிடந்தான் பெரிய வரவு. படமும் பாட்டும் அதற்குப் பிறகுதான். இந்த இருபது நிமிடத்தை வேறு யார் கொடுப்பார் அவருக்கு?

அது போலவே, ஓர் ஊர் ஆசிரியர் கணக்கிலே கெட்டிக்காரர். கல்லையும் குச்சியையும் வைத்து வகுத்தலைச் சொன்னால் கல்லுக்கும் புரியும். ஆறு மைல் தள்ளி இன்னோர் ஊரிலே பாட்டும் கதையும் நன்றாக வரும் ஓர் ஆசிரியை. இருவரும் சந்திப்பது குறுவள மையக் கூட்டத்தன்று மட்டுந்தானா? இருவர் கையிலும் கைக்கணினி இருக்கிறதே! வாரம் இரண்டு நாள் அவர் கணக்கு இவர் பள்ளியிலே, இவர் கதை அவர் பள்ளியிலே, நேரடியாய் நடக்கட்டும். இரண்டு ஆசிரியர் பள்ளிகள் இரண்டு சேர்ந்தால் நாலு ஆசிரியர்! நல்ல பாடம் நடத்துபவர் தமது முறையைப் பத்து நிமிடம் படம் பிடித்து ஒன்றியத்துக்கே அனுப்பட்டும். இப்போதும் ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அதிலே வருவது என்ன? ‘இன்று மாலைக்குள் இந்தப் படிவத்தை நிரப்புக!’

நோய் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைக்குப் பாடம் சொல்லக் கொடுத்த கருவி, மேலிடத்துக்குக் கணக்குச் சொல்லும் கருவியாக மாறிவிடுகிறது. வருகைப் பதிவு அதிலே. பிள்ளையின் உயரம் எடை அதிலே. தேர்வு மதிப்பீடும் அதிலே. ‘எமிஸ்’ பதிவேற்றப் பளுவிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்து வந்திருக்கின்றன. நெட் கிடைக்காமல் சன்னலோரம் நின்று கைக்கணினியைத் தூக்கித் தூக்கிக் காட்டும் ஆசிரியர், அந்த நேரத்தில் யாருடைய பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தர முடியும்? கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கெழுத வேறு ஆளைப் போடு! ஆலையிலே தறியை நிறுத்திவிட்டு நெசவாளியே ரசீது எழுதிக்கொண்டிருந்தால் துணி எங்கிருந்து வரும்?

பழுதும் ஒரு பெரும் பாடு. 1975 ஆகஸ்டிலே அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றைக் கொண்டு இந்தியாவின் ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுபோனார்கள். காலையிலே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட நிகழ்ச்சி. நல்ல முயற்சிதான். ஓராண்டு முடிந்தது, 1976 ஜூலையோடு செயற்கைக்கோள் வேறு பக்கம் போயிற்று, நிகழ்ச்சியும் நின்றது. இன்று செயற்கைக்கோள் ஓடிப்போகாது. ஆனால் ஓர் ஒயர் அறுந்தால் போதும், திரை சுவரிலே வெறும் கறுப்புப் பலகை. அதைச் சரிசெய்ய ஆள் வர எத்தனை நாள்? ‘உடைந்தால் என் தலையிலே விழும்’ என்று தலைமையாசிரியர் பூட்டி வைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? பக்கத்துக் கேரளத்திலே 2001 முதல் இந்த வேலை நடக்கிறது. ஆசிரியர்களிலிருந்தே பயிற்சியாளர்களை எடுத்தார்கள்; உரிமக் கட்டணம் கேட்காத கட்டற்ற மென்பொருளைத் தங்கள் மொழியிலே அமைத்துக்கொண்டார்கள். சொந்தக் கையிலே திறமை இருப்பதால், எல்லாவற்றுக்கும் கம்பெனிக்காரன் வாசலிலே போய் நிற்க வேண்டியதில்லை.

“சுவீடன் நாட்டிலேயே திரையைக் குறைத்துப் புத்தகத்துக்குத் திரும்புகிறார்களாமே?” என்று ஒரு நண்பர் கேட்கிறார். உண்மை. 2023இலே அந்நாட்டரசு அச்சுப் புத்தகங்களுக்கென்று தனியே பணம் ஒதுக்கிற்று. சின்னஞ்சிறுசுகள் நாளெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குக் கவலையாயிற்று. நமக்கும் அந்தக் கவலை உண்டு. ஆறு வயதுப் பிள்ளை பென்சிலைப் பிடிக்கட்டும், மண்ணிலே எழுதட்டும், புத்தகத்தைப் புரட்டட்டும். ஆனால் அவர்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டு அளவைக் குறைக்கிறார்கள். நாம் இப்போதுதான் இலையிலே உட்கார்ந்திருக்கிறோம். இரண்டும் ஒன்றாகாது.

கழகத் தோழர்களுக்கும் உழைக்கும் நண்பர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவிலே போய் உட்காருங்கள். திரை எத்தனை நாள் எரிந்தது, எத்தனை நாள் இருண்டு கிடந்தது என்று கேளுங்கள். ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாமல், “ஐயா, பதிவேற்றத்துக்கு வாரத்திலே உங்களுக்கு எத்தனை மணி நேரம் போகிறது?” என்று பணிவோடு கேட்டு, அந்தக் கணக்கைத் தீர்மானத்திலே எழுதுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்ந்து பாடம் நடத்த என்ன தடை என்று கேளுங்கள். காலியிடம் இருந்தால், திரை வந்துவிட்டது என்ற சாக்கிலே அது அப்படியே விடப்படுமா, எந்த மாதம் நிரப்பப்படும் என்று எழுத்திலே பதில் கேளுங்கள்.

கூட்டமோ பெரும்பாலும் வேலை நாளிலே. போனால் அரை நாள் கூலி போயிற்று. ஆகவே முதல் தீர்மானமாக இதைப் போடுங்கள்: கூட்டம் மாலை ஆறு மணிக்கு மேல் நடக்க வேண்டும், திரை இருக்கும் அறையிலேயே நடக்க வேண்டும்.